கவிழ்த்து வைத்த கூடை

ஒரே ஒரு வரிக்காக நான் இந்தியாவுக்குப் போனேன். சிலோனில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பொன்னையா மாஸ்டர் பேரில் ஒரு வாசிகசாலை கட்டினோம். சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாயிற்று. வாசலில் பதிக்கிற கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. "உண்ணாவிரதம் இருந்து உரிமை பெற்றுத் தந்தவர்" என்று எழுதவேண்டும் என்றது ஒரு கட்சி. மாஸ்டர் ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை, அவருக்கு வயிற்றுப் புண், வேளைக்குச் சாப்பிடாவிட்டால் சுருண்டு விடுவார் என்றது இன்னொரு கட்சி. குடியுரிமை இல்லாமல், ஓட்டு இல்லாமல் கிடந்த எங்கள் சனத்தை, ஒரு கல்லைக்கூட எறியவிடாமல் துரைமார் முன்னால் நிமிர்ந்து நிற்க வைத்தவர் அவர் என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகம் இல்லை. எப்படி நிமிர வைத்தார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மாஸ்டர், எங்கள் சனத்தை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் பெயர் வந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். கடைசிக் காலம் முழுக்க நீலகிரியில் இருந்து, அங்கேயே செத்துப்போனார். "நீ போய் விசாரித்துக்கொண்டு வா" என்று கமிட்டி என்னைப் பிடித்துத் தள்ளியது. கூடலூர்ப் பக்கம் என் சித்தப்பா மகள் சரோஜா இருக்கிறாள் என்பது ஒரு காரணம். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றபிறகு எனக்கு உருப்படியாக ஒரு வேலையும் இல்லை என்பது இன்னொரு காரணம்.

குன்னூரில் இறங்கியபோது முதலில் வந்தது ஏமாற்றம்தான். வெளிநாட்டுப் பயணமாயிற்றே என்று புதுச் சப்பாத்து வாங்கி, மருமகனிடம் கம்பளிச் சட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தால், எதிரே நிற்பது அதே மலை, அதே தேயிலை, அதே பனி. தகரக் கூரைகூட அதே துருப்பிடித்த சிவப்பு. கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்த்த பிறகுதான் வேறு நாட்டில் இருக்கிறேன் என்று நம்பினேன். சிங்களமே இல்லாமல் எல்லாம் தமிழில் இருந்தன.

லாட்ஜில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு மேசையில் இருந்தவர் தலையைச் சொறிந்தார்.

"சிலோனுங்களா? அப்ப ரூம் சிரமங்க. போலீஸ் ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஏனுங்க, இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க, பாரின்ங்கறீங்க. எனக்கே கொழப்பமா இருக்குதுங்க."

அவர் குழப்பம் எனக்குப் பழகிப்போன குழப்பம். எங்கள் ஊரில் எங்களை இந்தியாக்காரர் என்பார்கள். இங்கே வந்து இந்தியப் பிரஜையாகிவிட்ட சரோஜாவை எல்லாரும் சிலோன்காரி என்கிறார்கள். மாஸ்டருக்கு எந்தப் பட்டம் கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

தேயிலைக்குக் கெட்ட காலம் என்று ஊரிலேயே கேள்விப்பட்டிருந்தேன், எங்களுக்கும் ஒன்றும் நல்ல காலம் இல்லை. ஆனாலும் இங்கே நிலைமை இன்னும் மோசம். பாக்டரிக் குழாய்களில் புகை இல்லை. கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகிப் போயிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் எல்லாருடைய வாயிலும் ஒரே பேச்சு, கொழுந்தை வாங்க ஆள் இல்லை, பறிக்கிற கூலிக்குக் கட்டவில்லை, ஓடையில் கொட்டுகிறார்கள் என்று. அந்தப் பேச்சுக்கு நடுவே கடைக்காரர் பலகையில் டீ விலையை அழித்துக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. கேட்டேவிட்டேன்.

"அது பால் வெலைங்க" என்றார். "டீ வெலைன்னு நாம சொல்றதே பால் வெலைதானுங்க."

அவரிடம் பால் இல்லாத வெறுந் தேத்தண்ணி கேட்டேன். உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்து, தொட்டுக்கொள்ள வர்க்கி ஒன்றும் கொடுத்தார். மொரமொரவென்று நன்றாக இருந்தது. கம்பளிச் சட்டை முழுக்க உதிர்ந்ததுதான் மிச்சம்.

குன்னூரில் நான் பார்க்கவேண்டியிருந்தவர் ஆரோக்கியசாமி. எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், சர்ச்சுக்குப் பின்னால் வீடு. மாஸ்டரைத் தெரியுமா என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"தெரியுமாவா? தவக்காலம் பூரா எங்ககூட நோன்பு இருப்பாருங்க. கடைசி பெஞ்சுலதான் உக்காருவாரு. பைபிளைக் கரைச்சுக் குடிச்சவருங்க."

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மாஸ்டர் காவடி எடுத்த படம் என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்க மனம் வரவில்லை. உண்ணாவிரதக் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்று குறித்துக்கொண்டேன். ஆரோக்கியசாமியின் மனைவி வைத்த மாட்டு இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் இல்லாததை மட்டும் மனதுக்குள் குறையாகச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஊட்டி வழியாகக் கூடலூர் பஸ். பக்கத்தில் வெள்ளை முண்டாசு கட்டிய படகர் ஒருவர் உட்கார்ந்தார். கொஞ்சம் தேயிலை வைத்திருந்தாராம், பாதியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டிருக்கிறாராம். மாஸ்டர் பேரைச் சொன்னதும் அவர் முகமும் மலர்ந்தது.

"தெரியும்ங்க. போன வருசம் கொழுந்து வெலை உழுந்தப்ப எங்க ஹட்டி, அதான் எங்க ஊரு, ஆளுகளை எல்லாம் ரோட்டோரமா உக்கார வெச்சவரு அவருதானுங்களே?"

"மாஸ்டர் செத்து எவ்வளவோ காலமாச்சே?"

அவர் முண்டாசை அவிழ்த்துக் கட்டினார். "அப்ப அவரு சொல்லிக் குடுத்த ஆளுங்களா இருக்கும்" என்றார். பிறகு, "இல்ல, யாரும் சொல்லாம நாங்களேதான் உக்காந்தோமோ என்னமோ" என்றார். 

பைக்காரா தாண்டியதும் பஸ் பின்னால் 'டொம்' என்றது. "ஆக்சில் போயிருச்சுங்க, எல்லாரும் எறங்குங்க" என்றார் கண்டக்டர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. எங்கள் ஊரில் பஸ் நின்றால் பயணிகள் டிரைவரைத் திட்டுவார்கள். இங்கே இறங்கி வேர்க்கடலை வாங்கித் தின்றார்கள். ஏரியில் படகு விட வந்தவர்கள் எங்களைப் படம் பிடித்தார்கள். குளிரில் நின்று நின்று, கடைசியில் கேரளத்துக்குக் கேரட் ஏற்றிப்போன ஒரு லாரியில் தொற்றிக்கொண்டேன். டிரைவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். பொன்னையா மாஷ் தானே, அசல் கம்யூனிஸ்ட், நம்ம ஆள் என்றார்.

தவக்காலத்தில் நோன்பு இருந்த, காவடி எடுத்த, செத்தபிறகும் ரோட்டோரம் உட்கார்ந்த கம்யூனிஸ்ட். கல்லில் எழுத இடம் போதாது.

நாடுகாணிக்குக் கொஞ்சம் முன்னால் சரோஜாவின் எஸ்டேட்டுக்குப் பாதை பிரியும் முக்கில் இறக்கிவிட்டார். நல்ல வேளையாகத் தபால் எடுத்துக்கொண்டு திரும்பிய எஸ்டேட் ஜீப் வந்தது. அதில் ஏறி, கித்தான் மூடியைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் குலுங்கிக் குலுங்கி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சரோஜாவைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பாவாடை கட்டிக்கொண்டு கப்பலேறப் போனவள். இப்போது முன்பக்கம் முழுக்க நரை. அவளும் அழுதாள். அழுதுகொண்டே ரொட்டி தட்டினாள், கட்டச் சம்பல் இடித்தாள். அம்மியில் மாசிக் கருவாடு மட்டும் இல்லை. மற்றபடி அதே காரம்.

அவள் புருஷன் தோட்டத்தில் வேலை குறைந்ததும் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் அவளும் மகள் கவிதாவும்தான். கவிதா பிளஸ் டூ. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது, பிள்ளை இன்னும் வரவில்லை. சரோஜா ரொட்டியைப் பாதியில் விட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு பாதை வளைவு வரைக்கும் போய் நின்றாள், நானும் கூடப் போனேன்.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் கொழுந்து லாரி காலையில் கூடலூர் போகும்போது லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும். தேயிலை விலை விழுந்ததும் லாரியை நிறுத்திவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் விடிவதற்குள் கிளம்பி மெயின் ரோடு வரைக்கும் காட்டு வழியாக நடக்கிறார்கள். அந்த வழியில் யானை. போன மாதம் கீழ் லயத்து ஆள் ஒருவரைத் தூக்கிப் போட்டுவிட்டது, பிழைத்தாலும் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டார்கள். கவிதா மட்டும் போய்க்கொண்டிருந்தாள், தனியாக.

"மேனேஜர்கிட்ட கேட்டா என்ன?" என்றேன்.

"எப்பிடிண்ணே கேக்குறது? எப்படா ஒரு தகராறு வரும், எஸ்டேட்டப் பூட்டலாம்னு மேல இருக்கிறவங்க பாத்துக்கிட்டிருக்காங்க. இங்க ஒருத்தரும் மூச்சு விடுறதில்ல. பரீட்சை முடியிற வரைக்கும் சாமி காப்பாத்துனாப் போதும்."

எங்கள் பக்கம் சிறுத்தைதான், யானை கிடையாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் டார்ச்சை வழிப்பக்கம் அடித்தாள். வளைவில் கவிதாவின் தலை தெரிந்த பிறகுதான் அவள் தோள் இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் மாஸ்டரின் சமாதியைப் போய்ப் பார்த்தேன். அவர் கடைசியாக இருந்ததும் அதே எஸ்டேட்தான், மேல் டிவிசனில் ஒரு பலா மரத்தடியில் சின்ன மேடை. மேலே ஆட்டுப் புழுக்கை. கொழுந்து எடுக்கிற பெண்களிடம் மாஸ்டர் எப்படிப் போராடினார் என்று கேட்டேன். "சும்மா உக்காந்தோம்" என்றார்கள். சாப்பிடாமலா என்றேன். "சாப்புட்டுட்டுத்தான்" என்று சிரித்தார்கள். மேலே கேட்டால் நழுவினார்கள். அந்தப் பேச்சே அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பட்டது.

பின்னேரம் கொழுந்து எடை போடும் இடத்துக்குச் சரோஜா என்னைக் கூட்டிப் போனாள். தகரக் கொட்டகை, நடுவில் தொங்கு தராசு, கீழே சாக்கு. எங்கள் ஊர் எடைக் கொட்டகையான மடுவத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கொழுந்தின் அந்தப் பச்சை வாடைகூட அதேதான். மழை தூறிக்கொண்டிருந்தது. தராசடியில் ரைட்டர் நின்றார். எழுத்து வேலை பார்த்தே கூன் விழுந்த வயதான மனுஷர். சரோஜா தன் கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறுங் கூடையை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, இதத் தராசுக்கு முன்னாடி வச்சிருங்க. கால்ல அட்டை ஏறிருச்சு."

அவள் ஓரமாகக் குனிந்தாள். நான் கூடையை வைத்தேன். எங்கள் ஊரில் எப்படி வைப்போமோ அப்படி, வாய் கீழே, அடி மேலே. மழைத் தண்ணீர் உள்ளே நிற்காமல் இருக்கக் கூடையைக் கவிழ்த்துத்தான் வைக்கவேண்டும் என்று என் அம்மா சொல்லித் தந்தது.

அடுத்து நின்ற பெண் அந்தக் கூடையைப் பார்த்தாள். தன் கொழுந்தை எடை போடாமலே சாக்கில் கொட்டினாள். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். பேச்சு நின்றுவிட்டது. இருமல்கூட இல்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்களும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வந்து கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஏதோ பிரார்த்தனை நேரம் என்று நினைத்தேன். எல்லாரும் உட்கார்ந்தபோது நான் மட்டும் நிற்பது மரியாதை இல்லை என்று நானும் உட்கார்ந்தேன். "என்னம்மா இது?" என்று பக்கத்தில் இருந்தவளை மெதுவாகக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரைட்டர் முதல் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பங்களாப் பக்கம் விறுவிறுவென்று போனார்.

மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர், கறுப்புக் குடை, இஸ்திரி போட்ட பேண்ட்.

"என்னங்க இது? யாரு ஆரம்பிச்சது?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ரைட்டர்தான் சொன்னார்.

"அதை மட்டும் கேக்கக்கூடாதுங்க சார். இது பொன்னையா மாஸ்டர் போட்ட முறை. ஒரு கூடை கவுந்தா எல்லாக் கூடையும் கவுந்துரும். யாரு கவுத்தா, எதுக்குக் கவுத்தான்னு அவங்களுக்குள்ளயும் கேட்டுக்க மாட்டாங்க. கோஷம் கெடையாது, கை ஓங்கறது கெடையாது. நீங்க அவங்ககூடத் தரையில உக்காந்தாத்தான் பேச்சு. அவரு போனதுக்கப்பறம் ஒருத்தரும் செஞ்சதில்லீங்க. நான் மறந்தே போயிருந்தேன்."

நான் கவிழ்த்த கூடையைப் பார்த்தேன். கமிட்டி கேட்டனுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இத்தனை பேரையும் சேற்றில் உட்கார வைத்தவன் நான். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று அங்கே யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு தகராறு கிடைத்தால் பூட்டுப் போடலாம் என்று காத்திருக்கிற எஸ்டேட்டில், விசிட்டர் விசாவில் வந்த நான் ஒரு தகராறை உண்டாக்கி வைத்திருந்தேன்.

எழுந்து சொல்லிவிடலாமா? தெரியாமல் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று? சரோஜாவைத் தேடினேன். அவள் எனக்கு எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

மேனேஜர் உட்காரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்.

"கம்பளி குடுக்கலைன்னுங்களா? ஆர்டர் போட்டாச்சுங்க." யாரும் அசையவில்லை. "கூரைத் தகரமா? மேல் லைன்ல ஒழுகறது எனக்கும் தெரியுமுங்க." அசையவில்லை. "கொழாய்ல தண்ணி வரலீங்களா? நர்சு வராததா? சொன்னாத்தானுங்க தெரியும்!"

கேட்காமலே குறை அத்தனையும் அவர் வாயாலேயே வந்துகொண்டிருந்தது. எல்லாம் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. சாக்கில் குவித்த கொழுந்து சூடேறத் தொடங்கியது. அவர் குனிந்து அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது தேயிலைக்கு ஆகாது. ரைட்டரைப் பார்த்தார், ரைட்டர் மழையைப் பார்த்தார். பிறகு அந்தப் பையன் குடையை மடக்கினான், பேண்டைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"உக்காந்துட்டனுங்க. சொல்லுங்க."

இப்போது கவிழ்த்தவன் பேசவேண்டும்.  தவறுதலாக நடந்தது என்று சொன்னால் அவர் எழுந்து, துடைத்துக்கொண்டு, சிரித்துவிட்டுப் போவார், பிறகு ஒருநாளும் இவர்கள் முன்னால் உட்காரமாட்டார். சொல்லாவிட்டால் எதைக் கேட்பது? எனக்கு எதைக் கேட்க உரிமை இருக்கிறது? "நான்..." என்று தொடங்கினேன்.

"புள்ளைகளுக்கு லாரி வேணுங்க" என்றாள் சரோஜா. தலையை நிமிர்த்தவில்லை. "எம்மக தனியாக் காட்டுக்குள்ள நடக்குறா. பரீட்சை எழுதணும். மத்தப் புள்ளைகளும் போகணும். வேற ஒண்ணும் வேணாங்க."

மற்றப் பெண்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள். ஏதோ ஆரம்பத்திலிருந்தே அதற்காகத்தான் உட்கார்ந்திருந்ததுபோல.

மேனேஜர் குடை நுனியால் சேற்றில் கோடு இழுத்தார். "லாரிய வித்தாச்சுங்க" என்றார் கடைசியில். "உங்களுக்கு இன்னும் சொல்லல. எனக்குமே இது எத்தனை நாளைக்கின்னு தெரியாது. நீங்க எங்கிட்டக் கூடையக் கவுத்தீங்க, வந்து உக்காந்துட்டேன். நான் யாருகிட்டங்க போயிக் கவுக்கறது? ஏலத்துல வெலை சொல்றவன் மூஞ்சிய நானே பாத்ததில்லீங்க."

மாஸ்டர் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாரோ. 

"ஜீப்பு காலைல தபாலுக்குப் போகுதுங்க" என்றார் அவர். "நேரத்துலயே போகச் சொல்றேன். பரீட்சை முடியற வரைக்கும் புள்ளைங்க அதுல போகட்டும். அதுக்கப்பறம் எஸ்டேட்டு இருந்தாப் பாக்கலாம்."

பெண்கள் எழுந்தார்கள். கூடைகளை நிமிர்த்தினார்கள். ரைட்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். ஒரு குரல்கூட உயரவில்லை, ஒருவரும் கை தட்டவில்லை. எடை போடுவது மறுபடி தொடங்கியது.

பொழுது சாய வீட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். 

"சரோஜா, அந்தக் கூடைய நான் தெரியாமத்தான் கவுத்தினேன். அங்க நாங்க எப்பவும் அப்பிடித்தான் வைப்போம்."

"தெரியும்ண்ணே" என்றாள். மாவில் இருந்து கையை எடுக்கவில்லை. "தெரிஞ்சுதான் உங்க கையில குடுத்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மழைத்தண்ணி நிக்காம இருக்கத்தானே கவுத்துறோம்னு நினைச்சீங்க? மூங்கில் கூடையில தண்ணி நிக்குமாண்ணே? அங்க உங்க தோட்டத்துல, மாஸ்டர் காலத்துல யாரு மொதல்ல கவுத்துனதுன்னு கண்டுபுடிக்க போலீஸ் வந்துச்சாம். அதுக்கப்பறம் யாருன்னு தெரியக்கூடாதுன்னு தோட்டமே தெனமும் கவுத்தி வச்சிருக்கு. எங்கம்மா சொல்லும். மாஸ்டர இங்க அனுப்பிட்டாங்க, உங்க கையெல்லாம் இன்னும் கவுத்திக்கிட்டேயிருக்கு."

"நீயே கவுத்த வேண்டியதுதானே? யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே."

"கேக்க மாட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும். நாளைக்குப் பூட்டுப் போட்டா, சரோஜா தன் மகளுக்காக எல்லார் சோத்துலயும் மண்ணப் போட்டான்னு ஆயிரும். நான் இங்கயே இருக்கணும்ல. நீங்க நாளைக்கிப் போயிருவீங்க. உங்கள யாரு வேலையவிட்டு நிறுத்த முடியும்?"

"இது ஏமாத்து வேலை. மாஸ்டர் இத ஒத்துக்குவாரா?"

அவள் ரொட்டியைக் கல்லில் போட்டாள். "மாஸ்டர் செத்துட்டாருண்ணே. எம்மக காலையில அந்த வழியாப் போகணும்."

நான் அதற்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கை என்று தேடி வந்தவனைப் பகடைக்காயாக்கிவிட்டாளே என்று பொருமினேன். கவிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி படிக்கத் தொடங்கினாள்.

காலையில் இருட்டோடு ஜீப் வந்தது. அன்றைக்கு எனக்கும் ஊர் திரும்பவேண்டிய நாள், பெட்டியோடு தயாராக நின்றேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளும் சீருடை போட்டுக்கொண்டு எங்கிருந்தோ வந்துவிட்டார்கள். ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். கவிதா கடைசிச் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். எனக்கு இடம் இல்லை.

"மெதுவா நடந்து வந்துருங்க சார். மெயின் ரோட்டுல பஸ் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் கிளம்பிவிட்டார். சரோஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கோபத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகள் நடக்கிற அதே காட்டு வழியில் நடந்தேன்.

இரண்டாவது வளைவில் மூங்கில் முறிந்து வழியில் கிடந்தது. பச்சை முறிவு. அதற்கு அந்தப் பக்கம் யானை லத்தி, ஆவி பறந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் எங்கோ ஒரு கிளை ஒடிந்தது. முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை. இன்னும் வெளிச்சம் வரவில்லை.  பெட்டி கையிலிருந்து நழுவியது. மாஸ்டர் ஒத்துக்கொள்வாரா மாட்டாரா என்ற கேள்வி அப்போது எனக்கு வரவேயில்லை. யாராவது என்னை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகமாட்டார்களா, யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லி, யாரை வேண்டுமானாலும் ஏமாற்றி ஒரு வண்டி கொண்டுவர மாட்டார்களா என்றுதான் இருந்தது.

நடந்தேன். வேறு வழி இல்லை. நேற்று வரைக்கும் அந்தப் பிள்ளைக்கும் வேறு வழி இருக்கவில்லை என்பது அப்போதுதான் என் கால்களுக்குப் புரிந்தது.